கண்ணாடிக்காரரின் கோணல் தகடு

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி ரிப்பேர் பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடிக்காரர்'தான். இருபத்தாறு வருஷமாக வளைந்த ஃபிரேமை நிமிர்த்தி நிமிர்த்தி, கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதருக்கு மீன்பிடிப் பைத்தியம் பிடித்தது. கடையில் விற்கும் தூண்டில் ஆகாதாம், தானே செய்ய வேண்டுமாம். சுழல் ஜிக் என்று அதற்குப் பேர். ஈயக்குண்டில் ஒரு கொக்கி, அதிலிருந்து வளைந்த ஒரு கம்பி, கம்பி நுனியில் ஒரு சின்னத் தகடு. இழுக்கும்போது தகடு சுற்றி மினுங்கும், அதைக் குஞ்சு மீன் என்று நம்பி பெரிய மீன் கவ்வும். அந்தத் தகட்டுக்கு அவர் கண்ணில் பட்டது என் ஸ்பூன்கள். சமையலறையில் இன்று பதினோரு கைப்பிடிகள் இருக்கின்றன, ஸ்பூன் இரண்டுதான்.

வெட்டிய தகட்டை அப்படியே மாட்டினாலாவது பரவாயில்லை. அதைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, ஃபிரேமைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அடியில் துளி இடைவெளி தெரிந்தாலும் டொக் டொக் என்று தட்டுவார். குழி போய் அது பப்படமாகத் தட்டையானபிறகுதான் அவருக்குத் திருப்தி. விரலால் சுண்டினால் ஜோராகச் சுற்றும். ஏரியில் போட்டால் செத்த இலை மாதிரி வரும். மூன்று வருஷத்தில் ஒரு மீன்கூட இல்லை.

"குழியா இருந்தாத்தானே தண்ணி பிடிச்சுச் சுத்தும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு என்ன தெரியும்? கோணலா ஒரு சாமான் என் கையால வெளிய போகாது."



போன மாதம் மகள் போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலையாம், கைக்குழந்தையோடு ஒரு வருஷம் இங்கே வந்து இருக்கிறேன் என்றாள். எங்களிடம் உபரியாக இருப்பதோ பின்னறை ஒன்றுதான். அதில்தான் அவருடைய மேசை, இடுக்கி, ஈயம் எல்லாம். காலி பண்ணுங்கள் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டைம் குடு. நான் செஞ்சதுல ஒரே ஒரு மீன் மாட்டினா, மேசையை மட்டும் ஒரு மூலையில வெச்சுக்கறேன். மாட்டலேன்னா எல்லாத்தையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடறேன். சரியா?"

சரி என்றேன். அவர் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே ஞாயிறு காலை நானும் ஏரிக்குப் போனேன். ஆமாம், அவ்வளவு எரிச்சல்.

பத்து மணி வரை வீசினார், இழுத்தார், மாற்றினார், மறுபடி வீசினார். தண்ணீர் அசையவில்லை. அவர் கழுத்து வியர்த்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது. இதற்காகவா வந்தோம் என்று என்மேலேயே கோபம்.

"அந்த மேட்டுப் பக்கம் போட்டுப் பாருங்களேன்."

"தொணதொணக்காதே. இந்தா, நீயும் ஒண்ணு போட்டுட்டு வாயை மூடிட்டு உட்காரு."

நல்லதை எனக்குத் தர மனம் வரவில்லை. டப்பாவின் அடியில் கிடந்த கழிசலை எடுத்துக் கட்டிக்கொடுத்தார். தட்டத் தட்ட நிமிராமல், ஒரு பக்கம் குழிந்தே நின்றுவிட்ட தகடு. வீசத் தெரியாமல் வீசி, கடனே என்று ரீலைச் சுற்றினேன். நாலாவது தடவை தண்ணீருக்கடியில் தகடு கிறுகிறுவென்று சுற்றுவது கைவரைக்கும் தெரிந்தது. அடுத்த நொடி தூண்டில் கம்பு வளைந்தது.

"ஐயோ! என்னங்க! என்னங்க!"

இரண்டு பேருமாக இழுத்தோம். முழங்கை நீளம்! கரையில் அது துள்ள, நானும் கூடவே குதித்தேன். "பார்த்தீங்களா? உங்க ஜிக்! மேசை தப்பிச்சுது!"

அவர் மீனைப் பார்க்கவேயில்லை. அதன் வாயிலிருந்து ஜிக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இது கணக்குல வராது. இது நான் கழிச்சுப் போட்டது."

"உங்க கையால செஞ்சதுதானே?"

"கெட்டுப்போனதும்மா இது."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து குட்டி இடுக்கியை எடுத்தார். வேண்டாங்க, வேண்டாங்க என்று நான் கத்தக் கத்த, அந்தத் தகட்டை நெரித்துத் தட்டையாக்கினார். பிறகு வீசினார். மதியம் வரை வீசினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லாமலே பின்னறையைக் காலி செய்தார். "கிறுக்கா உங்களுக்கு? மேசை இருக்கட்டும்னு நானே சொல்றேன்!" என்று வாசலை மறித்துக்கூட நின்றேன். "சொன்னா சொன்னதுதான்" என்று என்னைச் சுற்றிக்கொண்டு மேசையைத் தூக்கிப் போனார்.

சாயங்காலம் மகள் போனில் கேட்டாள். "அப்பா, மீன் மாட்டிச்சா?"

"இல்லம்மா" என்றார்.

அந்த மீனைத்தான் அப்போது நான் அடுப்பில் பொரித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது "நல்லாருக்கு" என்று இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார். நான் என் துண்டையும் எடுத்து அவர் தட்டிலேயே வைத்தேன்.