அனுமதிக்கப்பட்ட வகை வண்டி

மேடையில் எனக்குப் பயம் வந்ததில்லை. மெல்பேர்ணில் தமிழ்ப் பள்ளிகள் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் சிறுவயது முதலே ஏறியவள் நான்; பல்கலைக்கழகத்தின் ஆங்கில விவாத அணிக்கும் இப்போது நானே தலைவி. எதிரணி பேசி முடிப்பதற்குள் மறுப்பு என் நாவில் ஆயத்தமாக நிற்கும். இதை அடக்கமின்மை என்று எண்ணுவோர் எண்ணட்டும். ஆனால் அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. மேடையோ ஒலிவாங்கியோ இல்லாத ஓரிடத்தில், கடலோரப் புல்தரையில் நின்ற ஒரு வண்டியின் வாசலில், அது நிகழ்ந்தது.

மெல்பேர்ணின் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் முதுகு தேயும்வரை உழைத்த அப்பா, வேலையை விட்டதும் அம்மாவோடு ஆலோசித்து ஒரு மோட்டார்ஹோம் வாங்கினார். கட்டில், சமையல்மேடை, குளியல், கழிவறை அனைத்தையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தானே ஓடும் வீடு அது. வாடகை வீட்டின் திறப்பை ஒப்படைத்துவிட்டு, சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் நடுவே, கடலை அடுத்திருந்த ஒரு ரிசோர்ட்டில் அந்த வண்டியை நிறுத்தக் கொஞ்சம் நிலமும் வாங்கினார்கள். அங்கே இடம் வாடகைக்கு விடப்படுவதில்லை. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் உரிமையாளர். அந்த உரிமையாளர்களே ஒரு கமிட்டி அமைத்துத் தமக்கான விதிகளை வகுத்துக்கொள்கிறார்கள்.

அவ்விதிகளில் முதன்மையானது, எந்த வகை வண்டி உள்ளே நிற்கலாம் என்பது. தொழிற்சாலையில் கட்டப்பட்ட மோட்டார்ஹோமாக இருக்க வேண்டும். காரின் பின்னால் இழுத்துவரும் கரவனுக்கு இடமில்லை. பழைய பஸ்ஸை வீடாக மாற்றி வந்தால் அதற்கும் இல்லை. வண்டிக்குள்ளேயே நிலையான கழிவறை இருந்தாக வேண்டும். பிற்பாடு எதையேனும் மாற்றி, அதனால் வண்டியின் வகையும் மாறிப்போனால், அது வெளியேற வேண்டும். நிலம் அப்போதும் நம்முடையதுதான். அதில் நிற்கும் உரிமை மட்டுமே நம்முடையதல்ல.

இவற்றையெல்லாம் நான் வாசித்து அப்பாவுக்கு விளக்கியபோது அவர் சிரித்தார். “எங்கட வண்டி கொம்பனி கட்டினது, பிள்ளை. ஆர் என்ன சொல்லப்போகினம்?”

பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் அங்கே போய் இறங்கிய காலை, அம்மா என்னை வண்டிக்குள் அழைத்துச் சென்று ஒரு சிறு கதவைத் திறந்து காட்டினார். கழிவறையாக இருந்த அந்த அறையில் பலகைத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தட்டின்மேல் பிள்ளையாரும் முருகனும் அம்மனும் படங்களாக வரிசையில் நின்றார்கள். முன்னால் பித்தளை விளக்கு, திருநீற்றுக் கிண்ணம், காலையில் வைத்த பூ.

“அம்மா, டொய்லெட் எங்க?”

“அப்பா கழட்டிப்போட்டார். குசினிக்கும் அதுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில சாய்ஞ்சுகொண்டு நான் எப்பிடிப் பொங்கிப் படைக்கிறது? அங்கால பொதுவில டொய்லெட் எல்லாம் வடிவாக் கட்டி வைச்சிருக்கினம். அது காணும்.”

“ஒரு ஆணிகூட உடைக்கேல்ல,” என்றார் வாசலில் நின்ற அப்பா, பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. “எல்லாம் கட்டிலுக்குக் கீழ சீலையால சுத்தி வைச்சிருக்கிறன்.”

ஒரு சுவரின் தீட்டை நீக்கப் போய், வண்டியின் வகையையே மாற்றிவிட்டிருந்தார்கள். வாங்கும்போது அனுமதிக்கப்பட்டிருந்த வண்டி, இப்போது அனுமதிக்கப்படாத வண்டியாக நின்றது. இதை நான் எடுத்துச் சொன்னபோது அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு சிறிது சிறிதாக வடிந்தது.

அந்நேரம் பார்த்துப் பக்கத்து நிலத்தின் அங்கிள் வந்தார். சிட்னியின் கெல்லிவில்லில் வீடு வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர். ஆண்டில் பாதியைத் தம் பெரிய மோட்டார்ஹோமில் கழிப்பவர். திறந்திருந்த கதவினூடே எட்டிப் பார்த்தவர் கையிலிருந்த காபி சிந்தச் சிரித்தார்.

“என்ன சார் இது! டாய்லெட்ல சாமி வெச்ச மொத ஆளு நீங்கதான்.”

“டொய்லெட்டில சாமி இல்லைத் தம்பி,” என்றார் அம்மா சட்டென்று. “சாமியறையிலதான் டொய்லெட் இருந்தது. எடுத்தாச்சு.”

“அது சரிம்மா. கமிட்டிக்கு அப்படிச் சொல்லுவீங்களா? இன்னிக்கு மத்தியானம் வர்றாங்க. புதுசா வந்த வண்டி எல்லாத்தையும் உள்ள ஏறிப் பாப்பாங்க. போன வருஷம் ஒருத்தர் பின்பக்கம் ஒரு ரூம் சேத்துக் கட்டினாரு. அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்க. நிலத்த விக்கவும் முடியாம, இருக்கவும் முடியாம சுத்திட்டு இருக்காரு மனுஷன்.”

அதன்பின் எங்களில் எவரும் சிரிக்கவில்லை.

அப்பா கதவைப் பூட்டிவிட்டு, பூட்டுப் பழுது என்று சொல்லலாம் என்றார். “சாமிக்கு முன்னால நிண்டு பொய் சொல்லுவியளோ?” என்று அம்மா கேட்டதும் அந்த யோசனை அங்கேயே மடிந்தது. “அப்ப நீர் சொல்லும், எங்க போறது? திரும்பி டண்டினொங்குக்கோ? அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம், என்ன இருக்கு?” என்றபடியே அப்பா ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, வண்டியின் பத்திரங்களையும் நிலத்தின் பத்திரத்தையும், அவற்றின்மேல் எங்கள் மூவரின் குடியுரிமைச் சான்றிதழ்களையும் வைத்தார். கழிவறைக்கும் குடியுரிமைக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. எந்தச் சோதனைக்கும் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை அவர் வேறொரு நாட்டில், போர்க்காலச் சோதனைச் சாவடிகளில், வேறு காவலர்களிடம் கற்றிருந்தார்.

நான் என் உரையைக் கட்டினேன். ஒரு விதியை அதன் நோக்கத்தைக் கொண்டே அளக்க வேண்டும். இவ்விதியின் நோக்கம் சுகாதாரம். பொதுக் கழிவறையைப் பயன்படுத்துவோரால் சுகாதாரம் கெடுவதில்லை. நம்பிக்கையின் பொருட்டுச் செய்த சிறு மாற்றத்துக்கு விலக்கு அளிப்பது நியாயமான அவையின் கடமை. வாதத்தில் ஓட்டை இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் மேடையில் தோற்றால் ஒரு வெற்றிக் கிண்ணம் கை நழுவும். இங்கே தோற்றால் அப்பாவும் அம்மாவும் எந்தத் தெருவோரத்தில் படுப்பார்கள்?

மதியம் இருவர் வந்தார்கள். ஒருவர் வெயில்தொப்பி அணிந்த முதிய பெண்மணி, கமிட்டியின் தலைவி. மற்றவர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். பெண்மணி வணக்கம் சொல்லி, நாளின் வெயிலைப் பற்றிப் பேசி, கட்டிலைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, கடைசியில் கழிவறை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மதிப்புக்குரிய தலைவி அவர்களே,” என்று நான் தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மீண்டும் தொடங்கினேன். விதி, நோக்கம் என்னும் இரண்டு சொற்களைக் கடந்தபோது அம்மா கதவைத் திறந்தேவிட்டார்.

பெண்மணி தெய்வங்களைப் பார்த்தார். தெய்வங்கள் அவரைப் பார்த்தன. உயரமானவர், கழிவுக் குழாயின் வாய் ஒழுங்காக அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார். இருட்டாக இருந்ததால் சட்டைப்பையிலிருந்து டோர்ச்சை எடுத்து அழுத்தினார். அறையின் உட்சுவரில் பட்டுத் தெறித்த வெளிச்சம், அருகில் நின்ற அப்பாவின் முகத்தில் விழுந்தது.

அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

பிளாஸ்டிக் பை கீழே விழுந்தது. அப்பாவின் கண்கள் எங்களில் எவரையும் பார்க்கவில்லை. “நோ ப்ராப்ளம், சேர். நோ ப்ராப்ளம்,” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கைகளைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தாழ்த்தும்படி சொல்ல எனக்குக் குரல் இல்லை. அம்மாதான் எட்டி அவருடைய முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். “இஞ்ச பாருங்கோப்பா. இது அந்த இடம் இல்லை. கையை விடுங்கோ.”

உயரமானவர் தடுமாறி டோர்ச்சை அணைத்தார். மன்னிப்பும் கேட்டார். எதற்கு என்று அவருக்கு விளங்கியிராது.

பெண்மணி என்னிடம் திரும்பினார். குரல் மென்மையாகத்தான் இருந்தது; சொன்னது மென்மையானதல்ல. “இரண்டு வழி இருக்கிறது. நீங்கள் வாதாட விரும்பினால் எல்லா உரிமையாளர்களின் கூட்டத்திலும் வாதாடலாம். ஆனால் கூட்டம் முடிவு சொல்லும்வரை வண்டி வெளியே நிற்க வேண்டும். இல்லையென்றால் இன்று அலுவலகம் மூடுவதற்குள் கழிவறையைப் பழையபடி பொருத்துங்கள். நான் திரும்பி வந்து பார்க்கிறேன்.”

முழு அவை. என் வாழ்வில் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய வாதம். அதில் நான் வெல்லவும் கூடும் என்று இன்றும் நம்புகிறேன். அப்பாவின் கைகள் இப்போது தொடையோடு ஒட்டி விறைத்திருந்தன.

“பொருத்திவிடுகிறோம்,” என்றேன்.

அவர்கள் போனதும் அம்மா படங்களின் முன்னால் அசையாமல் நின்றார். “பொருத்துங்கோ. ஆனால் சாமியை எங்க கொண்டுபோய் வைக்கிறது? கட்டிலிலயோ?”

ஸ்பானர்ப் பெட்டியோடு வந்திருந்த அங்கிள்தான் வாய் திறந்தார். “எங்க ஊரு பஸ்ல எல்லாம் டிரைவருக்கு மேலதானம்மா சாமி? மாலையும் போட்டு, ஊதுபத்தியும் ஏத்தி?”

“எங்கட பஸ்ஸிலயும் அப்பிடித்தான்,” என்றார் அம்மா மெதுவாக. முன் கண்ணாடியை நெடுநேரம் பார்த்தார். பிறகு பிள்ளையாரை நெஞ்சோடு அணைத்து எடுத்தார். “ஆனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில இனி நான் பொங்கமாட்டன். அதையும் நான் பாவிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்.”

“யூஸ் பண்ணணும்னு ரூல் இல்லம்மா. இருக்கணும், அவ்ளோதான்.”

அப்பாவும் அங்கிளும் வண்டிக்குள் மண்டியிட்டு வேலை செய்தார்கள். நான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன். வெளியே கார் ஓசை கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கை அப்படியே நின்றது. ஓசை கடந்துபோன பிறகே ஸ்பானர் மறுபடி திரும்பியது. முதலில் நீர் கசிந்தது. கழற்றி மீண்டும் பூட்டினார்கள். நிழல்கள் நீண்டுகொண்டிருந்தன.

பெண்மணி சொன்னபடி வந்தார், இம்முறை தனியாக. உள்ளே ஏறி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அது சுழன்று இறங்குவதைக் கவனமாகப் பார்த்தார். முன் கண்ணாடிக்கு மேலே வரிசையாக அமர்ந்திருந்த மூன்று தெய்வங்களையும் பார்த்தார். “நல்ல இடம்,” என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்றார்.

அவர் போய் மறைந்த பிறகும் அப்பா புல்தரையிலேயே நின்றார்.

“இனி ஒருத்தரும் வந்து கேட்கமாட்டினம்தானே, பிள்ளை?”

அவருக்கு ஆறுதல் தரும் வாக்கியங்கள் எனக்கு எத்தனையோ தெரியும். அவற்றில் ஒன்றும் உண்மையாக இல்லை. “அடுத்த வருஷமும் வந்து பார்ப்பினம், அப்பா.”

அவர் தலையாட்டினார். வண்டிக்குள் ஏறி, வாசற்கதவை அகலத் திறந்துவைத்தார். பின் அந்தச் சிறு அறையின் கதவையும் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி ஒரு செருப்பை அடைகொடுத்தார். வீதியில் போகும் எவரும் நின்று பார்த்தால் வெள்ளைக் கழிவறைத் தொட்டி நேரே தெரியும்.

“என்னப்பா இது, ஊருக்கே காட்டுறியள்! மூடுங்கோ அதை!” என்று அம்மா முன் இருக்கையிலிருந்து கத்தினார்.

“இருக்கட்டும்,” என்றார் அப்பா. “பார்க்கிற ஆக்கள் பார்க்கட்டும்.”