பதினைந்து மீட்டர் வரைக்கும் ஒரு கேமரா

காலை ஆறரை மணிக்குக் கங்காதர நெல்லூரில் பஸ் ஏறினோம். நான், என் கணவர், மூன்று வயது மகள். சித்தூரில் இறங்கி மாறினால் திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். அன்று இரவு அவருக்குச் சென்னையிலிருந்து மாலத்தீவுக்கு விமானம். அதற்குள் திருப்பதியில் ஒரு கேமரா வாங்கியாக வேண்டும். கைக்குள் அடங்குகிற, கடலுக்குள் படமும் வீடியோவும் எடுக்கிற கேமரா.

சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர், "கொண்டகா?" என்று தெலுங்கில் கேட்டார். கொண்ட என்றால் மலை; திருப்பதி மலைக்குத்தானே எல்லோரும் போகிறார்கள்.

"இல்லண்ணா, கேமரா வாங்கறதுக்கு. கடலுக்குள்ள படம் புடிக்கணும்" என்றார் என் கணவர்.

"சித்தூர்ல எங்கய்யா கடல் கீது? எனக்கும் காட்டு, ரெண்டு மீன் புடிச்சிக்கினு போறேன்."

பஸ்ஸே சிரித்தது. இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீவுக்கு இவர் முதலில் ஓட்டலில் பாத்திரம் கழுவத்தான் போனார். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு கழன்று விழுந்தால் மூழ்கி எடுப்பவர் அவர். ஓட்டலுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரியின் மோதிரத்தை அப்படிக் கடலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டார்கள். முதுகில் காற்று டாங்க் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டே ஆழம் போகிற விளையாட்டுக்கு அங்கே பணக்காரர்கள் வருகிறார்கள். கூடவே இறங்கிப் படம் எடுத்துத் தருகிறவனுக்குப் படகு வேலை நிரந்தரம். கேமரா அவனுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் பாத்திரம்.

பாத்திரமே போதும் என்று சொல்ல நினைத்தேன். போன லீவில், மேலே வர நாலு மீட்டர் இருக்கும்போது கூட்டாளி ஒருவன் தண்ணீருக்குள் மயங்கிப் போனதைச் சோறு தின்றுகொண்டே சிரிப்புக் கதையாகச் சொன்னார். அன்றிலிருந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். ஆழம் போகப் போக ஆபத்து என்பது மட்டும் நெஞ்சில் நின்றது.

பத்து மணிக்குத் திருப்பதி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். போனிலேயே சொல்லி வைத்திருந்ததால் கடைக்காரர் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார். கேமரா இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. பக்கத்தில் கனமான பிளாஸ்டிக் கூடு ஒன்று, பதினாறாயிரம். அதைக் காட்டி இவர், "இது இன்னாத்துக்கு?" என்றார்.

"எனக்குக் கல்யாணக் கேமராதான் தெரியும். மீரே சதவண்டி, நீங்களே படிங்க மேடம்" என்று கடைக்காரர் பெட்டியிலிருந்த விளக்கப் புத்தகத்தை என்னிடம் தள்ளினார்.

இவர் பத்தாவதைத் தாண்டவில்லை. நான் பி.எட். எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டிலிருந்து விசாத் தாள்வரை இங்கிலீஷ் எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். நான் சொன்னதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. கேமரா தனியாகப் பதினைந்து மீட்டர் தாங்கும். கூட்டுக்குள் வைத்தால் நாற்பத்தைந்து.

"இன்னா போட்டுக்கீது?"

"கேமரா பதினஞ்சு மீட்டர் போவுமாம். இந்தக் கூடு டாங்க் கட்டிக்கினு போறவங்களுக்காம். உங்களுக்குத் தேவையில்ல."

"அங்க இருக்கறவனுங்க எல்லாம் கூடு போட்டுதானே வெச்சிருக்கானுங்க?"

"அவங்க டாங்க் கட்டறவங்களா இருக்கும்."

"செரி மே. படிச்சவ சொன்னா செரிதான்."

கடைக்காரர் குங்குமத்தோடு வந்தார். இவர் கேமராவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அட்டைப்பெட்டிக்கு வைங்க. மூடி ரப்பர்ல தூசு பூந்தா தண்ணி உள்ள வந்துரும்" என்றார். மேல்செலவுக்கென்று கொண்டுவந்த பணமும் என் கைப்பையிலேயே இருந்தது. பதினைந்து மீட்டருக்குக் கீழே அவர் போகமாட்டார். அந்த நிம்மதியோடுதான் கடைப்படி இறங்கினேன்.

பன்னிரண்டரைக்கு வடமாலபேட்டை. சென்னை ரோட்டிலேயே அவருடைய அக்கா வீடு. அங்கே சாப்பிட்டுவிட்டு அவர் சென்னை பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. அக்கா வீட்டுக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோப்பு டப்பா மாதிரி கீது. எவ்ளோ ஆழம் போவும் மச்சான்?"

"இது பதினஞ்சு மாமா. அதுக்கும் கீழ போறப்ப, படகுலேருந்து தொங்கற கயித்துல கேமராவ மாட்டிட்டு வெறுங்கையா எறங்குவேன். வெள்ளக்காரன் முப்பதுல திரும்பற எடத்துல நான் நிக்கணுமே."

சோற்றுக் கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினேன். "கேமரா இல்லாம எதுக்குக் கீழ போறது?"

"காவலுக்கு. வெள்ளக்காரன் மயங்கிட்டா தூக்கணுமே. கேமராவோட ஆழம் போனா, படம் புடிக்கிற நெனப்புல மூச்ச மறந்துருவான்னு நமக்குன்னு தனியா ஒருத்தன் கூட வருவான். அது அங்க ரூல். வெறுங்கையா போனா நாமதான் காவல். நமக்கு எவன் காவல் வரான்?"

"நம்ம கெணத்துல எறங்குனா மேல பத்து பேரு எட்டிப் பாப்பானுங்க" என்றார் அக்கா வீட்டுக்காரர். "பாதிப் பேரு பீடி குடிச்சிக்கினு."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

இரண்டு மணிக்கு ரோட்டில் நின்றபோது, "அந்தக் கூட்டையும் வாங்கிரலாமா? திரும்பிப் போயி..." என்றேன்.

"இன்னாத்துக்கு? டாங்க் கட்டறவனுக்குன்னு நீதானே படிச்ச?"

சென்னை பஸ் தூரத்தில் தெரிந்தது. உண்மையைச் சொல்ல அந்த நேரம் போதும். நான் சொன்னது, "ஆமா."

மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

நான் நேராகத் திருப்பதிக்குத் திரும்பினேன். மூன்றரைக்குக் கடையில் இருந்தேன். கூட்டைக் கேட்டதும் கடைக்காரர், "சாருக்கு வேணாம்னீங்களே மேடம்?" என்றார். பதினாறாயிரத்தை எண்ணி வைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னை போய்ச் சேர எட்டு மணியாகிவிடும். ஆறுக்கெல்லாம் அவர் விமான நிலையத்துக்குள் போய்விடுவார். போனை எடுத்து அவர் எண்ணைப் பார்த்தேன். பையில் போட்டுக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன்.

நேற்றும் பேசினார். படங்கள் அருமையாக வருகின்றனவாம், பதினைந்து வரைக்கும். எங்கள் பக்கத்திலிருந்து அடுத்து அந்தத் தீவுக்குக் கிளம்புகிறவர் மாசியில்தான் போகிறார். கூட்டைக் கொடுத்தனுப்பினால், இது ஏன் என்று அவர் கேட்பார். புத்தகத்தை இன்னொரு முறை படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். மாசிக்கு இன்னும் மூன்று மாதம். வாரத்தில் ஐந்து நாள் முப்பதுக்கு வெறுங்கையோடு இறங்குகிறார்.