டைமர் படத்தில் யார் பெயர்

கொழும்புக்குப் பக்கத்தில், பேலியகொடையில், பால்மாவைப் பொட்டலம் கட்டும் ஒரு வெளிநாட்டுக் கம்பனியில் எனக்கு வேலை. சண்டைக்காலம். எங்கள் மனேஜர் ஒல்லாந்துக்காரர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார். மற்றவர்களும் அப்படியே சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டி, "இந்த மெஷினைத் தெரிவுசெய்தது நான். இதில் என்ன பிழை, எப்படித் திருத்தலாம் என்று வீட்டில் யோசித்து, படம் கீறி, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்" என்றார். நல்ல யோசனை தலைமையகத்துக்குப் போகும். அதைச் சொன்னவருக்கு அங்கே ஆறு மாதப் பயிற்சி.

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பிழை எனக்குத் தெரியும். பொட்டலத்தின் வாயை ஒட்டுவதற்கு இரண்டு சூடான இரும்புத் தாடைகள் உண்டு. பொட்டலங்களைக் கொண்டுவரும் பெல்ட் நின்றால் பொட்டலம் அவற்றுக்கு நடுவே அகப்பட்டுக் கருகும். அந்த நாற்றம் என் தலைமுடியோடு வெள்ளவத்தையில் வீடு வரைக்கும் வரும். பெல்ட் நின்று சில விநாடிகளில் தாடை தானாகத் திறக்க ஒரு டைமர் பூட்டினால் போதும். சனி, ஞாயிறு முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருந்து டைமர், வயர், அம்புக்குறி என்று கீறித் தள்ளினேன். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு வடிவாக எதையும் செய்ததில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை?"

"பக்டரிக்கு. நாளைக்குக் கொண்டுபோகோணும்."

"டைமரும் வயரும் கீறின கடதாசியைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு செக் பொயின்ட்டால போகப்போறியோ? உனக்கென்ன விசரே?"

வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் பஸ்ஸை விட்டு இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பெட்டை, பையில் குண்டு செய்கிற படம்போல ஒன்று. பால்மா மெஷினுக்கு என்றால் யார் நம்புவார்? நானே கிழித்து அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டு ஆத்திரத்தில் அழுதேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் வெறுங்கை. தமிழ் ஆட்கள் பலருக்கு என் கதைதான். சிங்கள ஆட்களுக்கு வேறு சிக்கல்: மனேஜர் தெரிவுசெய்த மெஷினை அவர் முகத்துக்கு முன்னாலேயே குறை சொல்வதா? உண்மையில் எங்களுக்கும் அது வராது. மனேஜர் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே யோசனை எதுவும் இல்லை என்று எழுதி அனுப்புகிறேன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

"ஏன்? வெறும் படம்தானே?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. மனுஷனுக்கு உண்மையாகவே தெரியாது. நான் சொல் தேடித் திணறியபோது எங்கள் மேற்பார்வையாளர் எழுந்தார். கூட்டங்களில் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத சிங்களவர் அவர். உடைந்த ஆங்கிலத்தில், "சேர், செக் பொயின்ட்டால அந்தப் படத்தை நான் கொண்டுவரலாம். இவ கொண்டுவர ஏலாது" என்றார்.

மனேஜரின் முகம் சிவந்துபோனது. ஒரு மார்க்கரை என் கையில் தந்து, "இங்கேயே கீறு" என்றார்.

காட்போட் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தேன். எரித்த படம் ஒரு கோடு குறையாமல் கைக்கு வந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்.

"நங்கி, கரண்ட் போனா உங்கட டைமரும் சாகும்தானே?" என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி.

கொழும்பில் இருந்துகொண்டு கரண்ட் போவதை மறந்த மேதை நான். "அப்ப ஒரு ஸ்பிரிங் போடுவமா?" என்றேன். "போடு, அது இழுத்துத் திறக்கட்டும்" என்று மார்க்கரைப் பறித்தார். நான் திரும்பப் பறித்தேன். அதுவரை வாயே திறக்காதவர்கள் எல்லாம் எங்கள் தலைக்கு மேலே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

புதன்கிழமை பூட்டிப் பார்த்தோம். மனேஜரே மெயின் சுவிட்சை நிறுத்தினார். டக்கென்று தாடை திறந்தது. பொட்டலம் கருகாமல், வெள்ளை வெளேரென்று கீழே விழுந்தது. கை தட்டித் தட்டி என் உள்ளங்கை எரிந்தது. மனேஜர் பொட்டலத்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்துச் சிரித்தார்.

பிறகு தலைமையகத்துக்கு அனுப்ப நல்ல தாளில் படத்தைக் கீறினேன். அடியில் பெயருக்கு ஒரு கட்டம். அங்கே பேனை நின்றுவிட்டது. டைமர், வயர், அதற்குக் கீழே ஒரு தமிழ்ப் பெயர். பிரதி ஒன்று எங்கள் அலுவலகக் கோப்பிலும் கிடக்கும். நாளைக்குச் சோதனைக்கு யார் வந்து அதைப் புரட்டுவார்களோ?

மேற்பார்வையாளருக்கு விளங்கிவிட்டது. குனிந்து, மெதுவாக, "பயமெண்டா என்ட பேரைப் போடுங்க நங்கி. எனக்கு ஒண்டும் வராது" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்படிப் போட்டால், அந்தத் தாளைப் பார்க்கப்போகிறவர்களுக்கு நான் என்றொருத்தி இருக்கவே மாட்டேன்.

"ஸ்பிரிங்குக்கு உங்கட பேர்" என்று சொல்லி அவருடைய பெயரை எழுதினேன். அதற்கு மேலே டைமருக்கு என்னுடையதை, அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுதாக எழுதினேன். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் யாரும் வாசிக்கலாம்.