பரிமளா இறங்கிவிட்ட கார்

பரிமளாவுக்கு அந்தக் காரில் முதல் நாளே பிடிக்காமல் போனது அதன் வாசனைதான். விழுப்புரம் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் இருபது வருஷமாகக் கிளார்க்காக இருப்பவள் அவள். கருவாட்டு மூட்டை, ஐஸ் உருகி வழியும் மீன் பெட்டி, வெடித்த பலாப்பழம் என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ரசீது எழுதிப் பழகிய மூக்கு. அந்த மூக்குக்குப் புதுத்தோலும் பாலீஷும் கலந்த அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தியதும் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியை இறக்கினாள். தூசு வரும் என்று சொல்லி, அவள் கணவர் தட்சிணாமூர்த்தி தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அதை ஏற்றிவிட்டார்.

தண்டவாள வேலையில் இருந்த அப்பா பேரணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்ததால் கிடைத்த வேலை அவளுடையது. 1993-இல் சேர்ந்தாள். அதே வருஷம் கல்யாணம். தட்சிணாமூர்த்தி அப்போது திண்டிவனத்தில், வேர்க்கடலை வாங்கி விற்கும் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். காலையில் அவளை மொபெட்டில் ஏற்றித் திண்டிவனம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு மண்டிக்குப் போவார். அவள் பாசஞ்சரில் ஏறி மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரத்தில் இறங்குவாள். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாடை வரும்போது பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். இப்படியே இருபது வருஷம் போனது.

இடையில் தட்சிணாமூர்த்தி மண்டியை விட்டார். மல்லாட்டை விளைந்த நிலங்களுக்கு வெள்ளைக் கல் நட்டு மனையாக விற்கிற ஆட்களோடு சேர்ந்தார். பிறகு அவரே கல் நட ஆரம்பித்தார். மாடி வீடு வந்தது. மகள் வெண்ணிலா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். விழுப்புரத்தில், திருச்சி ரோட்டில், கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் ஒன்று வந்தது. 2013 ஆவணியில் இந்தக் காரும் வந்தது.

ஈயக் கலர். ஜெர்மன்காரன் செய்தது. இரண்டே கதவு. பின்னால் சீட் மாதிரி ஒன்று இருந்தது. அதில் ஒரு தேங்காய் மூட்டையைத்தான் உட்கார வைக்க முடியும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிய பிறகு, இனிமேல் அவளுக்கு ரயில் வேண்டாம் என்று தட்சிணாமூர்த்தி சொன்னார். தினமும் ஆபீசுக்குத்தான் போகிறார், போகிற வழியில் ஸ்டேஷன். பழைய மொபெட் நாள் நினைவு வந்து அவளும் சரி என்றுவிட்டாள். அன்பாகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள்.

ஒரு வாரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

ஏறுவதற்கு முன்பு செருப்பைக் கழற்றி ஒரு கேரி பேகில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடுதான் உட்கார வேண்டும். சாப்பாட்டு டப்பாவில் குழம்பு கூடாது. ஊற்றிக்கொண்டால் தோல் கறுத்துவிடும். நின்றபடி ஏற முடியாது. முதலில் இடுப்பைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் இறக்குவதுபோல் இறக்கி, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து, கடைசியில் புடவையைக் கூட்டிச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், மூட்டு வலியோடு, தெருவே பார்க்க. இறங்கும்போது அதைவிட மோசம். ஸ்டேஷன் முகப்பில் ஆட்டோக்காரர்கள் வரிசையாக நின்று, அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதை வேடிக்கை பார்த்தார்கள்.

தட்சிணாமூர்த்திக்கு வேண்டியதும் அந்த வேடிக்கைதான். அவளை இறக்கிவிட்ட பிறகும் உடனே போகமாட்டார். இன்ஜினை உறும விட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்தபடி ஐந்து நிமிஷம் நிற்பார். யாராவது கிட்டே வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்தால் உள்ளிருந்தே முறைப்பார். அவன் நகர்ந்ததும் இறங்கி மஞ்சள் துணியால் அந்த இடத்தைத் துடைப்பார். தொட்டவன் விரலில் சீக்கு இருந்ததுபோல் துடைப்பார். பரிமளா அதைப் பார்க்காமல் வேகமாக உள்ளே நடப்பாள்.

நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆளாகிவிடுவார். முன்னால் போகிற வண்டியின் முதுகில் ஒட்டுகிற மாதிரி போய் விளக்கை அடித்து அடித்து விலகச் செய்வார். பாலேற்றிப் போகும் பைக்குக்காரன் தடுமாறி மண்ணில் இறங்கினால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு புதிது. மண்டியில் எடை போட்ட மனிதரிடம் அது இருந்ததில்லை. டோல்கேட் பையன்கள் செல்போனில் படம் எடுத்தால் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். பார்சல் ஆபீசுக்குள் நுழைந்ததும் குழாயில் முகத்தைக் கழுவுவாள். கூட வேலை பார்க்கும் செந்தாமரை, இருபது வருஷம் ஒரே பெட்டியில் வந்தவள், இப்போது அவளிடம் எதையும் கேட்பதில்லை. ஒருநாள், பெரிய வீட்டம்மாவுக்குப் போடுவதுபோல் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பரிமளாவுக்கு அவமானமாக இருந்தது.

அவர்கள் தெருமுனையில் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் வாசலில் வேகத்தடை. ஊரில் மற்ற இடங்களில் இருப்பதைவிட உயரமானது. அதற்குக் காரணம் இருந்தது. 2006-இல், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை மணல் லாரி அந்த இடத்தில் அடித்துப்போட்டது. பையனின் தாய் அஞ்சம்மாள் அதே பள்ளியில் சத்துணவு ஆயா. தெருவே இரண்டு நாள் மறியலில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தடை வந்தது. அன்றுமுதல் காலையில் உலை வைத்துவிட்டு அஞ்சம்மாள் வாசலுக்கு வந்து நிற்பாள், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கடத்திவிட. யாரும் அவளிடம் சொன்ன வேலை இல்லை அது.

கார் அந்தத் தடையில் ஏறாது. நேராகப் போனால் அடிவயிறு உரசும். எனவே தினமும் பரிமளா இறங்க வேண்டும். வெறுங்காலோடு ரோட்டில் குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் வலது, இன்னும் கொஞ்சம் இடது என்று சொல்ல வேண்டும். வண்டி கோணலாக, நண்டு மாதிரி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். பிள்ளைகள் கூட்டமாக நின்று கை தட்டுவார்கள். அஞ்சம்மாள் சிரிக்கமாட்டாள், பிள்ளைகளை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி தாண்டும்வரை பொறுமையாக நிற்பாள். ஐப்பசி மாசம் ஒருநாள் மழையில் கணக்குத் தப்பி, காரின் முன்பக்கத்து அடி உதடு விரிசல் விட்டது. சாமான் மெட்ராசிலிருந்து வர ஒரு மாசம் ஆயிற்று. அந்த ஒரு மாசம் பரிமளா ரயிலில் போனாள். நன்றாகத் தூங்கினாள்.

தை பிறந்து, பொங்கல் லீவில் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தாள். நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது தெருவுக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். பள்ளி வாசலில் வேகத்தடையைக் காணவில்லை. தரை வழவழவென்று நீண்டு கிடந்தது.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். தட்சிணாமூர்த்தி மறைக்கவில்லை. ரோடு போட வந்த கான்ட்ராக்டரிடமும் வார்டு கவுன்சிலர் அரங்கநாதனிடமும் தான்தான் பேசினதாகப் பெருமையாகவே சொன்னார். அரங்கநாதனுக்குப் புது லேஅவுட்டில் மூலை மனை ஒன்று பேசியிருக்கிறதாம்.

"அது அஞ்சம்மாக்கா புள்ள செத்த எடங்க," என்றாள் பரிமளா.

"அது ஆயிப்போச்சே, ஏழெட்டு வருஷம். இன்னும் எத்தினி நாளு அதையே சொல்லிக்கினு இருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அவள் ஊற்றினாள். பின்னாளில் அவள் நினைத்து நினைத்து வெறுத்தது அந்த ஒரு கரண்டி ரசத்தைத்தான். மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அதே காரில் ஏறவும் ஏறினாள். அதற்கு அடுத்த நாளும் ஏறினாள். பள்ளி வாசலைக் கார் இப்போது நிற்காமல் கடந்தது. அஞ்சம்மாள் இரண்டு கையையும் அகல விரித்துப் பிள்ளைகளை அணைபோட்டு நிறுத்தியிருப்பது கண்ணாடிக்கு வெளியே ஒரு நொடி தெரிந்து மறையும். பரிமளா மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிப் பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள், ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு சின்னப் பெண் அஞ்சம்மாளின் கைக்கு அடியில் புகுந்து ஓடிவந்துவிட்டாள். தட்சிணாமூர்த்தி பிரேக்கை மிதித்தார். அதை மட்டும் சொல்ல வேண்டும், வண்டி சட்டென்று அப்படியே நின்றது. ஆனால் பிள்ளை பயத்தில் பின்னால் விழுந்ததில் முழங்கை சிராய்ந்து, பை அறுந்து, நோட்டுகள் ரோட்டில் பரவின. முகப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

தட்சிணாமூர்த்தி இறங்கினார். பிள்ளை பக்கம் போவார் என்று பரிமளா பார்த்தாள். அவர் முன்பக்கத்துக்குப் போய்க் குனிந்து, மஞ்சள் துணியால் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, கண்ணாடி வழியே அவளைப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல வேள, ஒரு கோடு கூட வுழல."

அஞ்சம்மாள் பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் தட்சிணாமூர்த்தியைப் பார்க்கவில்லை. காருக்குள் இருந்த பரிமளாவைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. கெட்டுப்போன எதையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பரிமளா கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்து எழுந்து இறங்கினாள். இரண்டடி நடந்து சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். பிறகு நோட்டுகளைப் பொறுக்கினாள். ஆபீசுக்கு நேரமாகிறது, ஏறு என்று தட்சிணாமூர்த்தி இரண்டு முறை கூப்பிட்டார். அவள் வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டாள். சிறிது நேரம் கழித்துக் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

பிள்ளையின் பெயர் பொன்னி, ஒன்றாம் வகுப்பு. பரிமளா குழாயடியில் அவள் முழங்கையைக் கழுவி விட்டாள். அஞ்சம்மாள் துணியோடு வந்தபோது, தடையைத் திரும்பக் கொண்டுவர மனு எழுதப்போவதாகவும், கூட வர வேண்டும் என்றும் பரிமளா சொன்னாள்.

"உங்க வூட்டுக்காரரு பக்கத்துல குந்திக்கினு தானம்மா நீங்களும் தெனம் போனீங்க," என்றாள் அஞ்சம்மாள். குரலை உயர்த்தவில்லை. "இத்தினி நாளு இது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியும்கா," என்றாள் பரிமளா. "தெரிஞ்சேதான் போனேன்."

அஞ்சம்மாள் பிள்ளையின் கையைத் துடைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினாள். பிறகு, என்றைக்குப் போகணும் என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் மாலை வேளைகளில் பரிமளா வீடு வீடாகப் போனாள். கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் அவள் கணவரின் பெயரைச் சொல்லித் தயங்கினார்கள். ஆனாலும் அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அஞ்சம்மாளோடு பாசஞ்சரில் விழுப்புரம் போய்க் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தாள். யார் சொல்லித் தடையை எடுத்தார்கள் என்ற இடத்தில் கவுன்சிலர் பெயரையும், அதற்கு மேலே தன் கணவர் பெயரையும், அடைப்புக்குள் தனக்கு என்ன உறவு என்பதையும் எழுதியிருந்தாள்.

விஷயம் அரங்கநாதன் வழியாக அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. தட்சிணாமூர்த்தி கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்து, நம்பமுடியாதவர்போல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பொண்டாட்டியே எம்பேரு போட்டு மனு குடுத்தா, நாளைக்கி ஊர்ல எவன் என்ன மதிப்பான்? நான் இன்னா தப்பு பண்ணேன்? யாருக்கு இன்னா ஆச்சி?"

"அந்தப் பொண்ணு பேரு தெரியுமா உங்களுக்கு?"

"எந்தப் பொண்ணு?" என்றார் அவர். நிஜமாகவே கேட்டார்.

பரிமளா உள்ளே போய்ப் பாயை எடுத்து மகள் அறையில் விரித்துப் படுத்தாள். எதிரே உட்கார்ந்து அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவளால் முடியவில்லை. சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு, தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மாசி முடிவதற்குள் ஆட்கள் வந்து அளந்து, பள்ளிக்கு ஒவ்வொரு புறமும் ஒன்றாக இரண்டு தடை போட்டுவிட்டுப் போனார்கள். காரால் இனித் தெருவைவிட்டு வெளியே வர முடியவில்லை. இறங்கிக் குனிந்து வழி சொல்ல ஆளில்லாமல் முதல் தடையிலேயே மாட்டி, அதை இழுக்க நான்கு பேரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்புறம் அதைப் பைபாசில் ஒரு லாட்ஜ் ஷெட்டில் நிறுத்திவிட்டு, தட்சிணாமூர்த்தி வீட்டிலிருந்து அங்கே வரை பைக்கில் போய்வந்தார். ஷெட்டில் எலி புகுந்து ஒயரைக் கடித்தது. மழைக்காலத்தில் தோல் சீட்டில் பூஞ்சை பூத்தது. 2015-இல் புதுச்சேரிக்காரர் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார். வாங்கியவர் திரும்பத் திரும்பப் போன் செய்து திட்டுவார் என்று கேள்வி. அடுத்ததாக உயரமான கார் ஒன்று வந்தது, ஏழு பேர் உட்காரலாம். பரிமளா அதில் ஏறவில்லை.

அஞ்சம்மாள் அவளோடு ஒட்டிப் பழகிவிட்டாள் என்று சொன்னால் பொய். காலையில் பள்ளி வாசலில் பார்த்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். அதுவே அதிகம் என்று பரிமளா நினைத்துக்கொள்வாள். பதினொரு நாள் என்பது அவள் மனசைவிட்டுப் போகவில்லை.

கார் கைமாறியதற்கு அடுத்த வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப்போட்டாள். விழுப்புரத்தில் தண்டவாளத்தை ஒட்டி, சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சுவரும் ஒரு முருங்கை மரமுமாக ஒரு வீடு கிடைத்தது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அரிசி டின், பாத்திரம், துணிமணி எல்லாம் மினி லோடு வண்டியில் ஏற்றினாள். எங்கே என்று கேட்டவர்களிடம், வேலைக்குக் கிட்ட இருக்கிறது என்று சொன்னாள். மாசத்துக்கு ஒருமுறை தட்சிணாமூர்த்தி வந்துவிட்டுப் போவார். அவள் டீ போட்டுக் கொடுப்பாள். மகளைப் பற்றிப் பேசுவார்கள். அவர் போனபிறகு டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, முருங்கைக் கீரை ஆய உட்காருவாள்.