தேள் மார்க்

காரியாபட்டியைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தது காலையில். வழியில் பஸ்கள் நின்று கூப்பிட்டன; ஏறவில்லை. அண்ணனுக்குக் கன்னத்தையும் தாடையில் பாதியையும் எடுக்க வேண்டும், எடுத்தாலும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு ஆனைக்குட்டம் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. கேட்டில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி இருந்தால் அன்று வேலை கிடையாது. அதனால் பீடியை விட்டுவிட்டுப் புகையிலை அதக்கப் பழகினார். அங்கே பாதிப் பேர் அப்படித்தான். "இதுல நெருப்பே கெடையாதுலே, யாருக்கு என்ன கெடுதல்?" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரி, செங்கல் சூளை, ஹோட்டல் என்று திரிந்துவிட்டுச் சில மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவேன். பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, புகையிலைப் பாக்கெட்டில் தேள் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் போட்ட படம். எங்கள் பக்கம் தீப்பெட்டியோ வெடியோ, மேலே இருக்கிற படத்தைச் சொல்லித்தான் வாங்குவோம். மான் மார்க், பூனை மார்க். தேளையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பாக்கெட்டைக் கொடுத்தாலும் தேள் இருக்கும் என்பதால் கேட்டது கிடைத்துவிடும். தேள் மார்க்கில் காரம் தூக்கல் என்று பேச்சு. வாயில் வந்த புண்ணைக்கூட அந்தக் காரத்தால் வந்தது என்றுதான் அண்ணன் நினைத்தார்.

தேளுக்குக் கீழே எழுதியிருந்ததை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு சரம் பாக்கெட் வாங்கி வந்தேன்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அண்ணன் மடியிலிருந்த பாக்கெட்டை வாங்கி, "இது என்ன படம்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தேள் மார்க்கும்மா. நல்ல சரக்கு. தம்பி வாங்கியாருவான்."

புகையிலை உயிரைக் கொல்லும் என்று தேளுக்குக் கீழே இருந்ததை டாக்டரம்மா படித்துக் காட்டிவிட்டுப் போனார். அண்ணன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும்.

"ஏலே, நீ எட்டாப்பு படிச்சவந்தானே. இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"பெறகு ஏம்லே சொல்லல?"

"எல்லாப் பாக்கெட்லயும்தான் போட்டிருக்குன்னு விட்டுட்டேன்."

கோபப்படவில்லை. "சரி. ஒங்க மதினி சோறு கொண்டாருவா. நீ போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரம் ஒரு லோடு லாரி நின்றது. திருத்தங்கலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை ஓர் அச்சகத்தில் போய் வேலை கேட்டேன்.

"படிக்கத் தெரியுமாவே?"

"எட்டாப்பு."

"போதும்."

உள்ளே புகையிலைப் பாக்கெட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் வரிசை வரிசையாகத் தேள். ஒவ்வொன்றுக்கும் கீழே இருக்கிற எழுத்தைப் படித்துப் பார்த்து, மங்கலாக இருந்தால் தாளைக் கழித்துப் போட வேண்டும். அதுதான் வேலை. உட்கார்ந்து முதல் தாளை எடுத்தேன்.