அப்பாவின் வலது கையும் மக்காச்சோளத் தோகை மாப்பிள்ளையும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு ஒரே கட்டடச் சாரத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அட்டையில் இருக்கும் படம் அப்பாவுக்குப் பிடிக்காத படம். ஆதார் கார்டுக்கு எடுத்தது போல முறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரே சொல்வார். ஆனால் மற்ற எல்லாப் படங்களிலும் ஏதாவது ஒரு குழந்தை அவர் மடியில் ஏறி அவர் முகத்தை மறைத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் இதைப் போட்டோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், குத்தகை நிலம் உழுத குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். மூத்தவர் எங்கள் பெரியப்பா. மழை பொய்த்த ஒரு வருடம் குத்தகை கைவிட்டுப் போனது. அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கட்டட வேலைக்குச் சட்டி தூக்கப் போனார். சட்டி தூக்கியவர் கொத்தனாராகிக் கரண்டி பிடித்தார். கரண்டி பிடித்தவர் பிறகு தாமே ஆள் வைத்து வேலை எடுத்தார். கள்ளக்குறிச்சியில் அவர் எழுப்பிய சுவர்கள் எத்தனையோ. கரியாலூரில் சுற்றுலா வருபவர்கள் தங்கும் விடுதி ஒன்று கட்டும்போது மாதக் கணக்கில் மலையிலேயே இருந்தார். இறங்கி வரும்போது எங்களுக்குப் பலாப்பழமும் அம்மாவுக்குத் தேனும் வரும். அம்மாவுக்கு மட்டும் ஏன் தேன் என்று நானும் தங்கையும் சண்டை போடுவோம்.

அப்பாவுக்கு வளைத்துப் பேசத் தெரியாது. என்னைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு முதல் விருந்துக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவியதும் என் மாமனாரிடம், "ஒங்க சமையக்கட்டுச் செவுரு சாஞ்சிக்கினு இருக்குதுங்க" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த மாதமே மாமனார் அப்பாவைக் கூப்பிட்டு அந்தச் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இறுதி நாளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாகக் கடைசியில்தான் எழுதுவார்கள். ஆனால் கடைசியில் எனக்கு ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா படுக்கையில் கிடந்து இழுபடவில்லை. போன வருடம் ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேன்" என்று நாற்காலியில் சாய்ந்தார். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது போயிருந்தார். அழுதோம். இன்னும் அழுகிறோம். ஆனாலும் நிறைவாக வாழ்ந்து முடித்தவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அந்த நிறைவு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தங்கையின் கல்யாணத்துக்கு முந்திய மாசியில், சாரத்தில் நின்றிருந்த அப்பாவின் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவரும் விழுந்தார். நல்லவேளையாக உயரம் அதிகமில்லை. கூட இருந்தவர்கள் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கவாதம் என்றார்கள். சில வாரங்களில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை.

தங்கைக்கு அப்போதே நிச்சயம் முடிந்திருந்தது. அடுத்த தையில் கல்யாணம். எங்கள் வகையறாவில் அம்மா பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, அப்பா செம்பிலிருந்து தண்ணீர் விட்டுத் தாரை வார்க்க வேண்டும். அதை இடது கையால் செய்கிற பேச்சே கிடையாது. அப்பாவைப் பார்க்க வந்த பெரியப்பா, தம்பியின் நிலைமையைப் பார்த்துவிட்டு நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"நீ ஒண்ணியும் கவலப்படாத. நானும் ஒங்கண்ணியும் மணவறைல நின்னு தார வாத்துக் குட்த்துடறோம்."

எல்லோரும் போன பிறகு அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "எம் பொண்ண நாந்தான் குடுக்கணும்" என்றார். அம்மா, "குடுங்க, ஆரு வேணான்னா? மொதல்ல கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலைதான். தைக்குள் அந்தக் கை செம்பைத் தூக்குமா?

கையைச் சரிசெய்ய நம் ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் கொண்டு வரவில்லை, புறா கொண்டு வந்தார்கள். வாதத்துக்குப் புறா ரத்தம் தடவினால் நரம்பு முறுக்கேறும் என்று ஆளாளுக்கு ஒரு புறா. அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்து தாத்தா வீட்டிலேயே கிடக்கும் என் மகள் யாழினியும் மகன் கவினும் அந்தப் புறாக்களை அறுக்க விடாமல் கூடை போட்டு வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு கூட்டம், கையை அலட்டவே கூடாது என்றது. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு, சோற்றைக்கூடப் பிசைந்து ஊட்டினார். கைக்குப் பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை வந்த பெண் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அவள் கொடுத்த ரப்பர் பந்து மூலையில் கிடந்தது.

"பந்தக் குட்த்து அமுக்குங்கறா. நானு இன்னா கைக்கொயந்தையா?" என்பார் அப்பா.

துண்டை அவிழ்த்தது நாங்கள் யாரும் இல்லை, என் பிள்ளைகள். சித்திரையில் லீவு விட்டதும் நுங்கு வண்டி செய்ய உட்கார்ந்தார்கள். செய்வது சுலபம். நுங்கு எடுத்த காய் இரண்டு வேண்டும். நடுவில் ஒரு குட்டைக் குச்சி சொருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. அந்த அச்சின் மேல் நீளமான கவட்டைக் குச்சியை வைத்துத் தள்ளினால் தெருவே நம்முடையது. ஒரே சிக்கல், குச்சி சொருகும்போது காய் உருண்டு ஓடும், யாராவது பிடிக்க வேண்டும். கவினுக்குக் கை சிறியது. யாழினி சுற்றுமுற்றும் பார்த்தாள். சும்மா உட்கார்ந்திருந்தவர் தாத்தா ஒருவர்தான். போய்த் துண்டை அவிழ்த்து, காயை அவர் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"தாத்தா, இதப் புடிச்சிக்கினு இரு. நா குச்சி சொருவறேன். வுட்டுடாத."

விட்டுவிட்டார். காய் உருண்டது. "இன்னா தாத்தா நீ" என்று எடுத்து வந்து மறுபடியும் வைத்தாள். அவளுக்கு அவர் நோயாளி இல்லை, சரியாக வேலை செய்யாத கையாள். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து கத்தினார். அப்பா விழுந்த பிறகு முதல் முறையாகச் சிரித்து, "நீ போ. எனக்கு வேல இருக்குது" என்றார். சாயங்காலம் வண்டி ஓடியது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பருவத்துக்கு ஒரு வேலை. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் செய்து பார்க்கட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். நினைவு மலரில் இதெல்லாமா என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் சிவபுராணத்துக்குப் போய்விடலாம்.

ஆடியில் பக்கத்துக் கொல்லையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தழைத்திருந்தது. அந்த இலையை நீளக் காம்போடு பறிக்க வேண்டும். காம்பின் நுனியில் ஒரு விரற்கடை அளவு ஒடித்து, தோல் அறாமல் ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். அடுத்த துண்டை ஒடித்து எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி ஒடித்துக்கொண்டு வந்தால் காம்பு இரண்டு சரமாகப் பிரிந்து, கழுத்தில் போடும் சங்கிலி ஆகிவிடும். இலைதான் பதக்கம். பலமாக இழுத்தால் தோல் அறுந்து போகும். அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்வதற்குள் ஒரு கொல்லை இலை காலியானது. கொல்லைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடி முடிவதற்குள் அறாத சங்கிலி ஒன்று வந்தது. அதை அம்மாவின் கழுத்தில் போடச் சொன்னான் கவின். அப்பா போட்டார். அம்மாவுக்கு வந்த வெட்கத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆவணியில் பிள்ளையார். ஏரிக் களிமண்ணில் கல் பொறுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, மிதமாகப் பிசைந்தால் போதும். பெரிய உருண்டை வயிறு, சின்ன உருண்டை தலை. குன்றிமணியைக் குழந்தைகள் வாயில் போட்டால் விஷம், அதனால் கண்ணுக்கு மிளகு வையுங்கள். அப்பா வலது கையால் மண்ணைத் தாங்கிப் பிடித்து இடது கையால் தும்பிக்கை இழுத்தார். அது வலது பக்கம் திரும்பிவிட்டது. அம்மா பதறிப் போனார்.

"ன்னாங்க, வலம்புரிப் புள்ளாரப் பண்ணி வெச்சிட்டீங்களே! ஆசாரமா கும்புடணுமே, இந்த வூட்ல கருவாடு வேற இருக்குதே!"

"அவுரு என் கையப் பாத்து அந்தப் பக்கம் திரும்பிட்டாரு, வுடு" என்றார் அப்பா. மூன்று நாள் கருவாடு இல்லாமல் கிடந்தோம்.

கார்த்திகையில் மாவலி. ஆண்பனையின் காய்ந்த பூக்காம்புகளைக் குழியில் போட்டுக் கொளுத்தி, எரியும்போதே மண்ணால் மூடினால் கரி கிடைக்கும். அதை மாவாக இடித்து, பழைய பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்ட வேண்டும். மூன்றாகப் பிளந்த பனை மட்டைக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, கயிறு பூட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பூவாய்க் கொட்டும். சுற்றுவது பெரியவர்களாக இருக்கட்டும், குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். கரியை இடித்தது அப்பா. உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து இடித்தார். முகமெல்லாம் கரி. அதைப் பார்த்த பயிற்சிப் பெண் உட்கார்ந்து கையைச் சோதித்துவிட்டு, "தூக்கறது வந்துட்டுதுங்க ஐயா. மணிக்கட்டு இன்னும் திரும்பல. செம்பத் தூக்குவீங்க, சாய்க்க முடியாது" என்றாள்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. தூக்கி என்ன பயன்? சாய்த்தால்தானே தண்ணீர் விழும்? அந்த வாரம் அவர் பிள்ளைகளோடு சேரவில்லை. பெரியப்பாவுக்குப் புது வேட்டி எடுக்கச் சொல்லிவிடு என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அன்று நானும் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

மார்கழியில் மக்காச்சோளம் அறுப்பு. கதிரை மூடியிருக்கும் தோகையை யாழினி மடி நிறைய அள்ளி வந்தாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பொம்மை. தோகையைத் தண்ணீரில் நனைத்து, நாலைந்தை அடுக்கி ஒரு முனையில் நூல் கட்டி, அப்படியே மேலிருந்து கீழே மடக்கிக் கழுத்துக் கட்டினால் தலை. ஒரு தோகையைச் சுருட்டிக் குறுக்கே சொருகினால் கைகள். இடுப்பில் கட்டி, கீழே விரித்துவிட்டால் பெண், இரண்டாகப் பிரித்துக் கட்டினால் ஆண். சித்தி கல்யாணம் என்று மாப்பிள்ளையும் பெண்ணும் செய்தாள். கவின் வாயாலேயே மேளம் வாசித்தான். தாரை வார்க்க ஆள் வேண்டுமே! விளையாட்டுச் செம்பில் தண்ணீர் நிரப்பித் தாத்தாவின் கையில் கொடுத்தார்கள்.

"ஊத்து தாத்தா."

"வரலடா கண்ணு."

"மாப்ள எவ்ளோ நேரம் நிப்பாரு? ஊத்து!"

முழங்கையைத் தூக்கினார், தோளைச் சாய்த்தார், என்னென்னவோ செய்தார். கடைசியில் செம்பு முழுவதும் ஒரே வீச்சில் மாப்பிள்ளை தலையில் கவிழ்ந்தது. மாப்பிள்ளை ஊறிப் பிரிந்து போனார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, "வேற மாப்ள கட்டு" என்றார். மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் முகூர்த்தம்தான். தினமும் ஒரு மாப்பிள்ளை முங்கினார். தினமும் அப்பாவே புதிதாக ஒருவரைக் கட்டினார். "நெஜ மாப்ளைக்கு இந்தக் கெதி வராம இருந்தா சரி" என்றார் அம்மா. பொங்கலுக்கு முந்தின நாள் நான் வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் நூலாக இறங்கியது. கொஞ்ச நேரம்தான். ஆனாலும் நூலாக இறங்கியது.

இங்கே நன்றிகளைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய சக கொத்தனார்களுக்கும், திட்டிக்கொண்டே ஆனாலும் வாராவாரம் வந்த பயிற்சிப் பெண்ணுக்கும், இலை கொடுத்த, தோகை கொடுத்த கொல்லைக்காரர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. புறா கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. அவை நன்றாக இருக்கின்றன.

கல்யாணத்தன்று பெரியப்பா புது வேட்டியோடு மணவறையில் தயாராக நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாதான் நிற்கச் சொல்லியிருந்தார். அம்மா தங்கையின் கையைத் தேங்காயோடு எடுத்து, கீழே இருந்த தட்டுக்கு மேலாக மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஐயர் செம்பை நீட்டினார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

செம்பு நடுங்கியது. மேளம் நின்றுவிட்டது. தங்கை தலை நிமிரவில்லை, அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. முழங்கை உயர்ந்தது, மணிக்கட்டு மெல்லச் சாய்ந்தது, தண்ணீர் விழுந்தது. தேங்காய் மேல் விழுந்து, இரண்டு பேர் கையும் நனைந்து, தட்டும் நிறைந்தது.

"போதுங்க" என்றார் ஐயர்.

அப்பா நிறுத்தவில்லை. தட்டு வழிந்து மாப்பிள்ளையின் பட்டு வேட்டி நனைந்தது.

"போதுங்க, போதும்" என்று ஐயர் செம்பைப் பிடிக்கப் போனார். பெரியப்பா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அவர் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"வுடுங்க சாமி. எந்தம்பி ஊத்தறான். காலியாவட்டும்."

கடைசிச் சொட்டு விழும்வரை மண்டபத்தில் யாரும் அசையவில்லை. அன்று அங்கே நின்று அதைப் பார்த்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.