விரல் வைத்துக் காட்டிய பெயர்

ஏழு வாத்தியங்களை வாசித்தவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை.

நீங்களும் அன்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அந்தப் பாடசாலை மண்டபத்தில் இருந்திருக்கலாம். கை தட்டியிருக்கலாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி... வாரத்துக்கு ஒரு ஒலிநாடா வெளியீடு நடந்த காலம். உங்கள் கைதட்டலைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை. நடந்ததையாவது கேளுங்கள்.

வாசித்தவர் லயனல் என்ற ஆங்கிலேயர். எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த பிளாசாவில், இசைக்கருவிக் கடையின் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுத்தார். ஐம்பது தாண்டிய ஒற்றை மனிதர்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை ஊரில் பிறந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். புல்லாங்குழல், ஓர்கன், செல்லோ, மண்டலின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தானாகவே பழகிக்கொண்டார். எழுபதுகளில் ஒரு ரொக் குழுவில் வாசித்தார், பாடினார். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு ஓடுமாம். அதற்குள் தாளம் ஐந்தாறு தடவை மாறுமாம். ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். ஆனால் முதல் இசைத்தட்டைக் கடையில் வாங்கிப் பார்த்தபோது, அவர் வாசித்த எல்லாவற்றுக்கும் குழுத் தலைவனின் பெயர் போட்டிருந்தது.

பிறகு மூன்று நிமிடப் பாட்டுகளின் காலம் வந்தது. குழு உடைந்தது. தனியாக ஒரு இசைத்தட்டு வெளியிட்டார், கேட்க ஆளில்லை. கனடாக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தார். அதுவும் நிலைக்கவில்லை.

இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் தப்ப முடியாது. தெரிந்துகொண்டுதான் செய்தேன்!

நான் யார்? ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விழாக்களில் ஆர்மோனியம் தட்டியதை வைத்துக்கொண்டு, இங்கே 'மியூசிக் மாஸ்ரர்' என்று பெயர் எடுத்தவன். எட்டு முருகன் பாடல்களுக்கு மெட்டுப் போட்டுவிட்டு, பின்னணி வாசிக்கத் தெரியாமல் முழித்தேன். லயனலிடம் போய் நின்றேன். காசு வேண்டாம், அட்டையில் தன் பெயரைச் சரியாகப் போட்டால் போதும் என்றார். வேறொன்றுமே கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் எங்கள் பேஸ்மென்றுக்கு வந்து வாசித்தார்; நான் நாடாவில் பதிந்தேன். ஒவ்வொன்றாக, ஏழு வாத்தியங்கள். மேலே சமைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி கமலா, அடுப்பைக் குறைத்துவிட்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாள். எங்கள் கோயில் பாடகிதான் பாடினார். ஒரே ஒரு பாட்டில் இரண்டு வரியை லயனலும் பாடினார். சொற்களை மூன்று வாரம் மனப்பாடம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

அந்தக் குரலை நான் அழித்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? வாத்தியத்தை யார் வாசித்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. குரல் காட்டிக்கொடுத்துவிடும். நாடா பழுதாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பரவாயில்லை, நாடாக்கள் அப்படித்தான் என்று என் தோளைத் தட்டினார்.

வெளியீட்டு விழாவுக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார். மேடையில் அறிவிப்பாளர் முழங்கினார்: "கனடா மண்ணிலே ஏழு வாத்தியங்களையும் தனியொருவராக இசைத்த எங்கள் சிவநேசன் அவர்கள்..." பொன்னாடை என் தோளில் விழுந்தது. ஒரு சொல்லும் விளங்காத லயனல் எழுந்து நின்று தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு கும்பிட்டேன்.

விழா முடிந்து, தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மிகவும் புகழ்ந்தார்கள் என்றேன். பொன்னாடையை எங்கள் ஆட்களுக்கு மட்டுமே போர்த்துவது வழக்கம், அதனால் உங்களுக்காக நான் வாங்கிக்கொண்டேன் என்றேன். அப்படி எந்த வழக்கம் இருக்கிறது? எவருக்குப் போர்த்தவில்லை நாங்கள்? அவரோ எங்கள் வழக்கத்தை மதித்துத் தலையசைத்தார். என் களவை மறைக்க ஒரு சனத்தின் மரியாதையையே இழுத்துப் போர்த்திய பிறவி நான்!

பிறகு ஒலிநாடாவின் அட்டையை நீட்டினார். எல்லாம் தமிழ். எது தன் பெயர் என்று கேட்டார்.

'இசை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த என் பெயரின் கீழே விரலை வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அழகான எழுத்துகள் என்றார்.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்த கமலா வீட்டுக் கதவைத் திறந்த பிறகு சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இனி அவருக்குத் தேத்தண்ணி குடுக்க எனக்குக் கை கூசுது."

"சொல்லுறன், சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை.

லயனல் அந்த அட்டையைத் தன் வகுப்பறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். அங்கே மகளைக் கிற்றார் படிக்கவிட்ட ஒருவர் கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "மாஸ்ரர், வெள்ளைக்காரனே உங்கட பேரைக் கண்ணாடியில ஒட்டி வைச்சிருக்கிறான். எங்கட சனத்துக்குப் பெருமைதானே!" நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல? புழு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது குளிர்காலத்தில், மாரடைப்பில், லயனல் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு, முதல் மணத்தில் பிறந்து இங்கிலாந்திலேயே வளர்ந்த அவருடைய மகள் வந்திருந்தாள். தகப்பனின் நண்பர் என்று என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஒலிநாடாவின் அட்டையைப் பார்த்து அவளே பெரிதாக வரைந்த எழுத்துகள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தன் பெயரைச் சரியாகப் போட்டார்கள் என்று அப்பா கடிதத்தில் எழுதியிருந்தாராம். கல்லறைக் கல்லில் ஆங்கிலப் பெயருக்குக் கீழே இதையும் வெட்டப்போகிறாளாம். எழுத்துகள் சரிதானா என்று கேட்டாள்.

சிவநேசன்.

கமலா பக்கத்தில் நின்றாள். அந்த நொடியில் நான் சொல்லியிருக்கலாம். இரண்டு சொல் போதும்... ஆனால் சுற்றி, அவரிடம் பிள்ளைகளைப் படிக்கவிட்ட எங்கள் கோயில் ஆட்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். இனி யாருக்கு என்ன பிரயோசனம் என்று என் புத்தி கணக்காகக் கேட்டது. எவ்வளவு கேவலமான புத்தி!

தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்திருந்தாள். பேனாவைக் கேட்டு வாங்கி, அந்தப் புள்ளியை என் கையால் வைத்துக் கொடுத்தேன்.

அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். கமலா காரை நோக்கி நடந்துவிட்டாள்.

கல் நட்டு இத்தனை வருடமாகிறது. ஒவ்வொரு மார்கழியிலும் அந்தப் பெண் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். போன மார்கழியிலும் வந்தது. கமலா அதை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.